கேமராவோடு சேர்ந்தவை: பல வருடப் புழக்கத்தில் நிலைத்ததும் பீரோவுக்குப் போனதும்

கேமரா வாங்கிய புதிதில் படம் எடுப்பதைவிட, அதற்கு என்னென்ன துணைப்பொருட்கள் கிடைக்கின்றன என்று தேடுவதில்தான் பலருக்கும் அதிக நேரம் போகும். கடையிலும் பில் போடும்போதே பை, ஃபில்டர், டிரைபாட் என்று ஒவ்வொன்றாக மேஜைமேல் எடுத்து வைப்பார்கள். என்னிடம் இருப்பது நிக்கான் டி5600, 2016-இல் வெளிவந்த மாடல். அதோடு 18-55, 70-300 எம்எம் என்று கேமராவோடு சேர்ந்து வந்த இரண்டு கிட் லென்ஸ்கள், ஒரு 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். சென்னையில் இருந்துகொண்டு விடுமுறை நாட்களில் மட்டும் படமெடுக்கிற ஆள் நான். பல வருடம் புழங்கியதில் எனக்குப் பிடிபட்ட கணக்கு இது: படமெடுக்கும் நேரத்தில் நம்மிடம் எந்த வேலையும் கேட்காத பொருள் நிலைக்கும். வெளியே எடு, மாட்டு, திருகு என்று கேட்கிற பொருள் மெல்ல பீரோவுக்குப் போய்விடும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

என் பட்டியலில் முதலிடம், படத்தில் எங்குமே தெரியாத ஒன்றுக்கு: காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா. கடலோர ஊரில் கேமராவுக்கு முதல் எதிரி பூஞ்சைதான். ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்து, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் லென்ஸுக்குள் சிலந்தி நூல்போலக் கிளைவிட ஆரம்பிக்கும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கை அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தடம் போகாது. பத்திரம் என்று நினைத்து கேமராப் பையிலேயே மூடி வைக்கிறோமே, அந்தப் பைதான் பூஞ்சைக்குத் தோதான வீடு. பஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சமையலறைச் சாமான் கடையில் கிடைக்கிற, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பெரிய டப்பா போதும். உள்ளே சிலிக்கா ஜெல், ஓரத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி. அதில் அளவு 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் சரி. ரொம்பக் காய்ந்து 30-க்குக் கீழே போனாலும் ரப்பருக்கும் மசகுக்கும் நல்லதல்ல. சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாக மாறும். நீல நிற வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். நிறம் மாறியதும் ஓடிஜி அடுப்பில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் மறுபடி ஆரஞ்சுக்குத் திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை அடிக்கடி வரும், கோடையில் மறந்தே போகலாம். மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினட் இந்த அலுப்பையும் போக்கும். லென்ஸ்கள் ஏழெட்டு சேர்ந்துவிட்டால் அதை யோசிக்கலாம்.

இதோடு ஒரு ஜிப் கவரையும் சேர்க்கவேண்டும். ஏசி அறையிலிருந்து சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும், துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அறையிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ஹூட், லென்ஸின் முனையில் மாட்டும் குழல்போன்ற மறைப்பு. என் கிட் லென்ஸ்களோடு அது வரவில்லை, தனியாகத்தான் வாங்கினேன். பக்கவாட்டு வெயில் லென்ஸில் பட்டுப் படம் வெளிறிப்போவதை ஹூட் தடுக்கும். அதைவிட, மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில் யாருடைய முழங்கையோ லென்ஸில் இடிக்கும்போது அடியை அதுதான் வாங்கும். பாதுகாப்புக்கு என்று விற்கப்படும் யுவி (புற ஊதாக் கதிர்) ஃபில்டரைவிட எனக்கு ஹூட்மேல் நம்பிக்கை அதிகம். ஃபிலிம் காலத்தில் யுவிக்கு ஒரு வேலை இருந்தது. டிஜிட்டல் சென்சாரின் முன்னால் ஏற்கெனவே யுவியை வடிகட்டும் கண்ணாடி இருக்கிறது. இரவில் தெருவிளக்கை எடுத்தால் யுவி ஃபில்டர் ஒளியை எதிரொளித்து, படத்தின் இன்னொரு மூலையில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். காசிமேட்டிலோ மெரினாவிலோ உப்புக்காற்று அடிக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைக் கரைத்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் காய்ந்த துணி. நேராகக் காய்ந்த துணியை வைத்தால் உப்புத்துகள் கீறிவிடும்.

டிரைபாட் பற்றி நிறைய சொல்லலாம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வகைகள் மொபைலுக்குச் சரி, 70-300 மாட்டிய கேமராவைத் தாங்காது. நல்லதாக அலுமினியத்தில் ஒன்றரை கிலோவுக்குள், கேமராவைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் ஆர்கா வகை பிளேட்டோடு ஒன்று வாங்கினால் பல காலம் ஓடும். ஆனால் எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் டிரைபாட்டுக்கு முன் அனுமதி வேண்டும். ஆகவே என்னுடையது பெரும்பாலும் கடற்கரைக்கும் மொட்டை மாடிக்கும்தான் வருகிறது. அலையில் நிறுத்துவதானால் கால்களின் கடைசி அடிப்பகுதியை முதலில் முழுதாக இழுத்துவிடுங்கள். பூட்டுகள் எல்லாம் தண்ணீருக்கு மேலே நிற்கும், மணல் உள்ளே போகாது. திரும்பியதும் குழாய்த் தண்ணீரில் கழுவி, விரித்து வைத்தே காயவிடவேண்டும். நடுத்தண்டை உயர்த்தினால் ஆட்டம் கூடும் என்பதால் நான் அதைத் தொடுவதே இல்லை. தனி ரிமோட்டும் தேவைப்படவில்லை, இரண்டு விநாடி டைமரே போதும்.

டிரைபாட்டைவிட அதிகம் உழைப்பது கடுகு நிரப்பிய ஒரு துணிப்பை. வேடந்தாங்கலுக்குப் போகிற வழியில் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கதவின்மேல் பையை அமுக்கி வைத்து அதில் லென்ஸைப் படுக்க வைத்தால் கூழைக்கடா அசையாமல் கிடைக்கும். எஞ்சினை மட்டும் அணைத்துவிடுங்கள், அதன் அதிர்வே படத்தைக் கலைத்துவிடும். உள்ளே அரிசி போட்டால் வண்டு வரும். கடுகு உருண்டு லென்ஸின் வடிவத்துக்கே இடம் கொடுக்கிறது. தையல் கடையில் ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லி, பயண நாட்களில் காலியாக எடுத்துப்போய் ஊரில் கடுகு வாங்கி நிரப்பலாம்.

நான் சொன்ன விதிவிலக்குகளில் ஒன்று சிபிஎல், அதாவது பளபளப்பைக் குறைக்கும் சர்குலர் போலரைசர் ஃபில்டர். மாட்டவும் வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் திருப்பவும் வேண்டும், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் தின்னும். ஆனாலும் விடமுடியவில்லை. ஏனென்றால் இது செய்வதைக் கணினியில் பின்னால் செய்யமுடியாது. தாமரைக்குளத்தின் முன் நின்று வளையத்தை மெல்லத் திருப்பினால், தண்ணீர்மேல் கிடந்த வெள்ளைப் பளபளப்பு கரைந்து அடியில் உள்ள தண்டும் மீனும் தெரியவரும். மழை பெய்து ஓய்ந்த வாழைத்தோப்பில் இலையின் மினுமினுப்பு போய் உண்மையான பச்சை வரும். உலோகத்தில் மட்டும் பலிக்காது, வெண்கலச் சிலையின் பளபளப்பு அப்படியேதான் இருக்கும். வானம் அதிகம் கறுப்பது சூரியனுக்குச் செங்குத்தான திசையில். அதனால் அகலக் கோண லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் திட்டாக இருண்டுபோகும், கவனம்.

இன்னொன்று வெளி ஃபிளாஷ். கேமராவில் உள்ள ஃபிளாஷ் நெற்றியில் எண்ணெய் வழிவதுபோலக் காட்டும். தனி ஃபிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால் பிறந்தநாள் படங்களின் முகமே மாறிவிடும். அதற்கு எனலூப் வகை ரீசார்ஜ் பேட்டரிகள் நல்ல துணை. சான்யோ 2005-இல் கொண்டுவந்து, இப்போது பானசோனிக் விற்கிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்குவதில்லை.

கேமரா பேட்டரியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மலிவாகக் கிடைத்த, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு மாற்று பேட்டரி ஒரு கோடையில் உப்பி, கேமராவின் பேட்டரி அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. சர்வீஸ் சென்டரில்தான் எடுத்தார்கள். மெமரி கார்டு வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளில் முழுக் கொள்ளளவும் நிஜம்தானா என்று சோதித்துவிடுங்கள், போலி ஏராளம். டி5600-க்கு யுஎச்எஸ்-1 என்ற கார்டு வேகம்தான். விலை கூடிய யுஎச்எஸ்-2 கார்டு இதில் வீண்.

பீரோவில் உறங்குபவை: வெளிச்சத்தைக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், வெளிச்சம் அளக்க உதவும் 18 சதவீதச் சாம்பல் அட்டை, வெளிச்சத்தை முகத்தின்மேல் திருப்பும் ஐந்து நிற ரிஃப்ளெக்டர். என்டி 1/60 விநாடியைப் பதினேழு விநாடியாக்கி அலையைப் பனிமூட்டமாக்கும். கடற்கரைக் கோயில் பக்கம் அப்படிச் சில படங்கள் எடுத்தபின் ஆசை அடங்கிவிட்டது. ரிஃப்ளெக்டரை மடித்து உறையில் போடுவதற்குள் மணப்பெண்ணே பொறுமை இழந்துவிடுவார். ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை அதே வேலையைச் செய்கிறது.

கடைசியாக, ஃபில்டர் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்கவேண்டாம். என் லென்ஸ்களின் அளவு 52, 55, 58 எம்எம். 67-இல் ஒரே ஒரு நல்ல சிபிஎல், லென்ஸுக்கு லென்ஸ் ஒரு ஸ்டெப்-அப் ரிங், அதாவது சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம். அது மாட்டியிருக்கும்போது ஹூட் பொருந்தாது என்பது ஒரு குறை. ரிங் இறுகிக்கொண்டால் பலம்கொண்ட மட்டும் அழுத்திப் பிடிக்காதீர்கள், வளையம் நசுங்கி இன்னும் இறுகும். சுற்றிலும் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைப் போட்டு, விரல் நுனிகளால் எல்லாப் பக்கமும் லேசாகப் பிடித்துத் திருப்பினால் கழன்றுவிடும்.