ஏஏஎல்டி இணையதளம்: சட்ட வரலாற்றில் ராஜாக்களைத் தேடுபவர்கள் முதலில் போக வேண்டிய இடம்

இங்கிலாந்தின் சட்ட வரலாற்றைப் படிக்க ஆசைப்படும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த இலவச இணையதளத்தைத்தான். முழுப்பெயர் ஆங்கிலோ-அமெரிக்கன் லீகல் டிரெடிஷன். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பாமர் தொடங்கியது. லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இடைக்கால, நவீனகாலத் தொடக்க நீதிமன்றச் சுருள்களை, அதாவது வழக்குகளைப் பதிவு செய்த தோல் ஏடுகளை, ஏடு ஏடாகப் படமெடுத்து, பல லட்சம் படங்களை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

தளம் பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ராஜாக்களின் பெயர்கள், நீதிமன்றம், ஆட்சியாண்டு (ராஜா பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணும் ஆண்டு), ஹிலரி, ஈஸ்டர், டிரினிட்டி, மைக்கேல்மஸ் என்று நீதிமன்றம் கூடும் நான்கு பருவங்கள், அப்புறம் நேராகப் படங்கள்தான். எனக்கு இந்த அடுக்கு பிடித்திருக்கிறது. அன்றைய எழுத்தர்கள் காலத்தைக் கணக்கிட்டதும் இப்படித்தானே.

சரி, இதில் என்ன லாபம்? சட்ட வரலாற்றுப் பாடநூல்களில் ராஜாக்கள் கதாபாத்திரங்களாக வருகிறார்கள். இரண்டாம் ஹென்றி பொதுச்சட்டத்தின் (நாடு முழுவதற்கும் பொதுவாக நீதிமன்றங்கள் வளர்த்த சட்டம்) தந்தை, ஜான் கெட்டவர், முதலாம் எட்வர்ட் சட்டம் தந்த மேதை, முதலாம் ஜேம்ஸ் சட்டத்துக்கு அடங்க மறுத்த பிடிவாதக்காரர். படிக்கும்போது எல்லாம் ராஜாவின் மனதிலிருந்தே புறப்பட்டது போலத் தோன்றும். அதே கையோடு இந்தச் சுருள்களைத் திறந்து பாருங்கள், பக்கம் பக்கமாக நிலத் தகராறும் கடன் பாக்கியும்தான், ராஜா பெரும்பாலும் தேதியாகத்தான் இருக்கிறார்.

எட்வர்டையே எடுத்துக்கொள்வோம். 1272 நவம்பரில் மூன்றாம் ஹென்றி இறந்தபோது மகன் சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வழியில் இருந்தார். இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தது 1274 ஆகஸ்டில். ஆனால் குடிமக்களுக்கு இடையிலான உரிமையியல் வழக்குகளை விசாரித்த காமன் பிளீஸ் நீதிமன்றத்தின் சுருள் வரிசை 1273லேயே அவருடைய ஆட்சியாண்டைப் போட்டுத் தொடங்கிவிடுகிறது. ஊரில் இல்லாத ராஜாவின் பெயரில் வழக்குகள் தடையில்லாமல் நடந்தன. அவரை ரோமானியச் சட்டத்தைத் தொகுக்க வைத்த பேரரசர் ஜஸ்டீனியனோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தவர் 17ஆம் நூற்றாண்டு நீதிபதி எட்வர்ட் கோக். முதலாம் ஜேம்ஸில் தொடங்கிய ஸ்டூவர்ட் வம்ச அரசர்களோடு மோதிக்கொண்டிருந்த வழக்கறிஞர்களுக்கு, சட்டம் இயற்றிய ஒரு பழைய நல்ல ராஜா தேவைப்பட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பட்டத்தை அப்படியே வாங்கி எழுதும் நூல்கள் 1275, 1285, 1290 சட்டங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, அதே 1290ல் அவர் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தியதை ஒரு வரியில் கடந்துபோகும்போது எனக்குக் கோபமே வருகிறது. 1289ல் அவர் பிரான்சின் தென்மேற்கில் இருந்த காஸ்கனியிலிருந்து திரும்பியதும் நீதிபதிகள் மீது புகார்கள் குவிந்தன, கொலைகாரர்களுக்கு அடைக்கலம் தந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட காமன் பிளீஸ் தலைமை நீதிபதி தாமஸ் வேலண்ட் பதவி இழந்து நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. அந்தப் பொற்கால நீதிமன்றத்தின் இன்னொரு பக்கம் இது.

ஜான் விஷயம் தலைகீழ். 1209 முதல் 1214 வரை வெஸ்ட்மின்ஸ்டரில் நிலையாக இருந்த மன்றத்தை நிறுத்தி, வழக்காடிகளைத் தன் பின்னால் அலைய விட்டார். பிரபுக்கள் அவரிடம் வாங்கிய 1215 உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவில் 17ஆவது பிரிவு, சாதாரண வழக்குகள் நிலையான ஓரிடத்தில் நடக்க வேண்டும் என்கிறது. அதே ஜான் வழக்குகளில் நிஜமான அக்கறை காட்டியவர், ராஜாவிடம் பேச வேண்டும் என்ற குறிப்போடு நிறுத்தி வைத்த வழக்குகள் அவர் காலச் சுருள்களில் உண்டு. மூன்றாம் ரிச்சர்டும் அப்படித்தான், அண்ணன் பிள்ளைகளைக் கொன்றார் என்ற பழியோடு நினைக்கப்படுபவரின் 1484 நாடாளுமன்றம், சந்தேகத்தில் பிடிபட்டவர்களுக்கு ஜாமீன் தரும் சட்டத்தை இயற்றியது.

ஆறாம் ஹென்றி 1453ல் சுயநினைவில்லாதவர் போல ஆகி ஓராண்டுக்கு மேல் பேசவே இல்லை, நீதிமன்றங்கள் அவர் பெயரில் ஓடின. 1461ல் அரியணை இழந்தவர் 1470ல் சில மாதங்கள் திரும்பி வந்தபோது, நடுவில் யாரும் ஆளாதது போல 49ஆம் ஆட்சியாண்டு என்று ஆவணங்களில் எழுதினார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் நீதிமன்றத்துக்கு ராஜா என்ற ஆள் எந்த அளவுக்குத் தேவைப்பட்டார் என்று நிதானமாக யோசிக்க முடிகிறது.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் சொற்களைச் சுருக்கி எழுதிய லத்தீன், கையெழுத்தைப் படிக்கப் பழக்கம் வேண்டும், சொல்லைத் தட்டித் தேட வழியில்லை. சில சுருள்களுக்கு ஆர்வலர்கள் தயாரித்த அட்டவணைகள் பெரிய உதவி. நீதிபதிகளின் வாதங்களும் இங்கே கிடைக்காது. 1607ல் ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று ஜேம்ஸிடம் கோக் சொன்ன காட்சியைச் சுருளில் தேடாதீர்கள், அது கோக்கே எழுதி வைத்தது. அன்று கோக் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும் வேறு குறிப்புகளையும் பாடநூல்கள் சேர்த்துத் தர வேண்டும்.

நம் ஊர் சட்ட மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தில் இன்று தாக்கலாகும் ஆட்கொணர்வு மனுவின் வேர் அன்று ராஜா பெயரில் போன ரிட் என்ற எழுத்து ஆணைகளில்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் காமன் பிளீஸ் சுருள்களில் தொடங்கலாம். ஓரத்தில் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பெயர் எழுதியிருக்கும், அதை முதலில் எழுத்துக்கூட்டிப் படியுங்கள், பிறகு பக்கத்துப் பத்தியில் ஆட்களின் பெயர்களைத் தேடுங்கள். கைபேசியில் வேண்டாம், பெரிய திரை வேண்டும்.