ஹீமோபிலியா: மருத்துவமனையில் ஃபேக்டரா, வீட்டில் ஃபேக்டரா, எமிசிசுமாபா?

எனக்கு இருப்பது கடுமையான ஹீமோபிலியா ஏ, அதாவது இரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறைபாடு. ஃபேக்டர் என்பது இரத்தத்தை உறைய வைக்கும் புரதம். இரத்தத்தில் எட்டாம் ஃபேக்டரின் அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அக்கா மகனுக்கும் அதுவே. என் சிறு வயதில் இரத்தக் கசிவு வந்தபோதெல்லாம் மருத்துவமனைக்கு ஓடினோம். இப்போது நானே வீட்டில் ஃபேக்டர் ஏற்றிக்கொள்கிறேன். அக்கா மகன் கசிவு வராமல் தடுக்கும் எமிசிசுமாப் ஊசியில் இருக்கிறான். ஆக மூன்று வழிகளையும் ஒரே குடும்பத்தில் பார்த்தாயிற்று. புதிதாக நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் எது நல்லது என்று கேட்கும்போது நான் என் சாய்வை மறைப்பதில்லை. கையும் நரம்பும் ஒத்துழைக்கும் வயது வந்துவிட்டால் வீட்டில் ஃபேக்டர் போட்டுக்கொள்வதே என் கட்சி.

அலைச்சல், பள்ளி விடுப்பு, வேலைக்குப் போகிறவரின் சம்பளப் பிடித்தம் ஆகியவற்றில் வீட்டுச் சிகிச்சைதான் மேல் என்பதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகத் தரப்படுவதால், மருந்தின் விலையும் இங்கே பலருக்கு முதல் கேள்வியாக இருப்பதில்லை.

மருத்துவமனையின் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். முதல் சில ஊசிகளை அங்கேதான் போட வேண்டும். ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க ஆள் வேண்டும். ஒன்பதாம் ஃபேக்டர் குறைபாடான ஹீமோபிலியா பி உள்ள பிள்ளைகளுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு அல்லது அதற்குச் சற்று மேலானவர்களுக்கு, ஏற்றும் ஃபேக்டரையே எதிர்த்து அழிக்கும் இன்ஹிபிட்டர் உருவாகிறது. அது பெரும்பாலும் மருந்து ஏற்றிய நாட்களை மட்டும் எண்ணினால் முதல் 50 நாளுக்குள் தலைகாட்டுவதால், அந்தக் கட்டத்தில் ஆய்வகத்தின் கண்காணிப்பிலிருந்து விலகக் கூடாது.

ஆனால் இவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும், மறு தட்டில் வைக்க வேண்டியது நேரம். மூட்டுக்குள் கசிவு தொடங்கும்போது வெளியே எதுவும் தெரியாது. கணுக்காலின் உள்ளே ஒரு வெதுவெதுப்பு, லேசான குறுகுறுப்பு, காலை முழுதாக மடக்க முடியாத ஓர் இறுக்கம், அவ்வளவுதான். வீக்கமும் வலியும் சில மணி நேரம் கழித்தே வரும். பழக்கப்பட்ட நோயாளிக்கு அந்தக் குறுகுறுப்பே போதும். மருத்துவமனையில் அது போதாது. வீங்காத காலைக் காட்டி ஃபேக்டர் கேட்கும் சிறுவனைப் பணி மருத்துவர் சந்தேகத்தோடு பார்ப்பார், எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்வார், அதில் ஒன்றும் தெரியாது. பேருந்து, ஓ.பி. சீட்டு, வரிசை, மருந்து அறையின் சாவி வைத்திருப்பவரைத் தேடுவது என்று எல்லாம் முடிந்து ஊசி ஏறும்போது, மூட்டு தேங்காய் அளவுக்கு வந்திருக்கும். என் ஊரிலிருந்து அந்தப் பயணம் இரவில் தொடங்கினால் விடிந்த பிறகுதான் முடியும். இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. கசிவின் வேகமும் மருத்துவமனையின் வேகமும் ஒன்றல்ல.

இந்த மணிக்கணக்கை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூட்டுக்குள் புகுந்த இரத்தத்தின் இரும்புச் சத்து உள்சவ்வில் படிகிறது. சவ்வு தடித்து வீங்குகிறது. தடித்த சவ்வில் புதிய நுண்குழாய்கள் முளைத்து, அவை அடுத்த கசிவை இன்னும் எளிதாக்குகின்றன. ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிவு வருவதும், குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு இறுகிப்போவதும் இப்படித்தான். கசிவு நின்றுவிடும், வலி போய்விடும், ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஃபேக்டரும் திருப்பித் தராது. என் இடது கணுக்கால் மருத்துவமனைக் காலத்துச் சொத்து. அது இப்போது பாதிதான் மடங்கும். வீட்டுச் சிகிச்சைக்கு மாறிய பிறகு கசிவு கண்ட வலது கணுக்கால் இன்னும் படியேறுகிறது. இதை ஆய்வு முடிவாக நான் முன்வைக்கவில்லை. ஆனாலும் கசிவு தொடங்கியதும் இயன்றவரை விரைவாக, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபேக்டர் ஏறிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள் எனக்கு என் இரண்டு கால்களிலும் தெரிகிறது.

கணக்கு கடினமானதல்ல. கிலோவுக்கு ஒரு யூனிட் எட்டாம் ஃபேக்டர் ஏற்றினால் அளவு ஏறத்தாழ இரண்டு சதவீதம் உயரும்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் உயர்த்த 1200 யூனிட் தேவை. எந்தக் கசிவுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தந்துவிட வேண்டும். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. செய்முறையில்தான் பொறுமை தேவைப்படுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பிகளை அறை வெப்பத்துக்கு வர விட்டு, நீரைத் தூளின் மேல் மெதுவாக இறக்கி, உள்ளங்கைகளுக்கிடையே உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரை கட்டும். பட்டர்ஃபிளை ஊசி நரம்புக்குள் போனதும் குழாயில் இரத்தம் எட்டிப் பார்க்கும். அதைக் கண்ட பிறகே கையில் கட்டிய பட்டையை (டூர்னிக்கே) தளர்த்தி, மருந்தை அவசரப்படாமல் தள்ள வேண்டும். முடிந்ததும் பஞ்சை வைத்து ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்; இதைச் சோம்பல்பட்டு விட்டால் அடுத்த முறைக்கான நரம்பு கன்றிப்போகும். குப்பியின் ஸ்டிக்கரை உரித்து நோட்டில் ஒட்டி, தேதியும் மூட்டின் பெயரும் எழுதிவைப்பதை நான் விடுவதில்லை. அடுத்த மாத மருந்தைக் கேட்கப் போகும்போது அந்த நோட்டுதான் நமக்காகப் பேசும். மின்வெட்டு நீளும் ஊர்களில் ஐஸ் பேக்கோடு ஒரு தெர்மோகோல் பெட்டியும் தேவை.

கசிவு வந்த பிறகு போடுவதோடு நிற்காமல், வராமல் தடுக்கக் கிலோவுக்கு 10 யூனிட் அளவில் வாரம் இருமுறை போடும் குறைந்த அளவு முறையும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. எட்டாம் ஃபேக்டர் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் இது முழுக் கவசம் ஆகாது. இருந்தும் கசிவுகள் கண்கூடாகக் குறைகின்றன. மருத்துவமனைக்கு வாரம் இருமுறை போய் வருவது யாராலும் தொடர முடியாத காரியம் என்பதால், இந்த முறையே வீட்டுச் சிகிச்சை இருந்தால்தான் சாத்தியம். தலையில் அடி, கழுத்து வீக்கம், வயிற்றுக்குள்ளோ இடுப்புத் தசையிலோ கசிவு என்றால் மட்டும் வீட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. முதல் ஊசியை வீட்டில் போட்ட கையோடு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

எமிசிசுமாப் பற்றி நான் சொல்வது பக்கத்திலிருந்து பார்த்தவனின் வார்த்தை மட்டுமே. அது ஃபேக்டர் அல்ல. எட்டாம் ஃபேக்டரின் வேலையைத் தான் செய்யும் எதிர்ப்புரதம். தோலுக்கடியில் போடுவதால் நரம்பு தேட வேண்டியதில்லை. முதல் நான்கு வாரம் வாரந்தோறும் போட்டபின், வாரம் ஒன்றோ, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ, நான்கு வாரத்துக்கு ஒன்றோ போதும். இன்ஹிபிட்டர் இருந்தாலும் வேலை செய்யும். நரம்பே கண்ணுக்குத் தெரியாத குழந்தைக்கும் இன்ஹிபிட்டர் உள்ளவருக்கும் இதுதான் முதல் தேர்வு என்பதில் எனக்கு வாதமில்லை. அக்கா மகன் தெருவில் விளையாடுவதைப் பார்த்தால் என் பள்ளிக்காலம் வேறு ஏதோ நூற்றாண்டு போலத் தோன்றுகிறது. ஆனால் அவன் கணுக்கால் முப்பது வயதில் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் வீட்டில் இன்னும் சாட்சி இல்லை. ஹீமோபிலியா பி உள்ளவர்களுக்கு இந்த மருந்து பயன்படாது என்பதையும் மறக்க வேண்டாம்.

என்னைத் தயங்க வைப்பது ஒன்று உண்டு. எமிசிசுமாப் கசிவு வராமல் தடுக்கும் மருந்து. தொடங்கிய கசிவை நிறுத்துவதற்கானதல்ல. மாடிப்படியில் விழுந்தாலும், பல் பிடுங்கினாலும், அறுவை சிகிச்சை என்றாலும் பலருக்கு ஃபேக்டர் தேவைப்படும். நரம்பில் ஊசி போடவே பழகாத வீடு அந்த இரவில் மறுபடி பேருந்து, ஓ.பி. சீட்டு, வரிசை என்ற பழைய பாதைக்கே திரும்புகிறது. அதனால்தான் அக்காவை என் கையில் ஊசி போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இன்னும் கை நடுங்குகிறது, நரம்பைத் தாண்டிப் போய்விடுகிறாள், ஆனாலும் விடுவதில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் அவசரத்துக்கு இரண்டு வேளை ஃபேக்டரை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ள அனுமதிக் கடிதம் கேட்டுப் பாருங்கள். எமிசிசுமாபில் இருக்கும் பிள்ளையாக இருந்தால், அந்த மருந்து இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. சோதனையைப் பொய்யாக இயல்பானதாகக் காட்டும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையை மட்டும் பார்த்து இரத்தம் சரியாக உறைகிறது என்று முடிவு கட்டும் மருத்துவரிடம் காட்ட அந்தத் தாள் தேவைப்படும்.