இலவம்பஞ்சா, பாலியெஸ்டர் பஞ்சா? துணிப் பொம்மைச் சேகரிப்பில் ஓர் ஒப்பீடு

தனித்துச் செயல்படும் கைவினைஞர்களிடம் துணிப் பொம்மை வாங்குபவர்கள் முகத்தையும் புடவையையும் பார்த்துவிட்டு, உள்ளே என்ன பஞ்சு என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இரண்டு வகையும் இருப்பதால் ஒப்பிட முடிகிறது.

இலவம்பஞ்சு பொம்மை, மடியில் தூங்கும் குழந்தையைப்போல் தளர்ந்து அமரும். அந்த இழை உள்ளீடற்ற குழல், மேலே மெழுகுப் பூச்சு கொண்டது. எனவே எடை மிகக் குறைவு. ஆனால் மீள்திறன் போதாது; நாளடைவில் கழுத்தில் பஞ்சு இறங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அழுக்கேறிய ஒன்றைச் சோப்பு நீரில் அலசிச் சித்திரை வெயிலில் மாடியில் காயவைத்தேன். மேல்துணி விரைவில் காய்ந்தது, உள்ளிருந்த பஞ்சோ புளியங்கொட்டை அளவில் உருண்டு திரண்டது. தவறு என்னுடையதே. இப்போது மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு சரி.

பாலியெஸ்டர் பஞ்சைத் துவைக்கலாம், அழுத்தினால் மீண்டெழும், பூச்சி அரிப்பதில்லை. கொலுப்படியில் நிமிர்ந்திருக்க வேண்டிய பொம்மைக்கும், குழந்தைகள் எடுத்து விளையாடும் பொம்மைக்கும் அதுவே ஏற்றது.

சேகரிப்புக்கு மட்டும் என்றால் நான் இலவம்பஞ்சையே தேர்ந்தெடுப்பேன். முதுகுத் தையல் கைத்தையலாக இருந்தால், அதைப் பிரித்துப் பஞ்சை உதறி மீண்டும் அடைத்துத் தருமாறு செய்தவரிடமே கேட்கலாம். வாங்கும்போதே அந்தத் தையலைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.