இரண்டு ரிமோட்டுக்கு ஒன்று: உப்புக்காற்றில் ஒரு மதிப்பீடு

தொலைக்காட்சிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் தனித்தனி ரிமோட் வைத்து அல்லாடுவதைத் தவிர்க்க, இராமநாதபுரம் கடைவீதியில் 300 ரூபாய்க்குள் வாங்கிய, நிறுவனப் பெயர் ஏதும் அச்சிடப்படாத ‘கற்கும் ரிமோட்’ ஒன்று கடலோர ஊரான மண்டபத்தில் உள்ள எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது.

கற்பிக்கும் முறை எளிது. பழைய ரிமோட்டின் முனையையும் இதன் முனையையும் நேருக்கு நேர் வைத்து, இதில் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுத்தபின் பழையதில் உரிய பட்டனை அழுத்தினால், அதிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புத் துடிப்புகளை இது அப்படியே பதிவு செய்துகொள்கிறது. பெரும்பாலான ரிமோட்டுகள் ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை விட்டுவிட்டு எரியச் செய்கின்றன. வெயிலில் கலந்திருக்கும் அகச்சிவப்பிலிருந்து நம் கட்டளையைத் தொலைக்காட்சி பிரித்தறிவது இந்தத் துடிப்பால்தான். ரிமோட் சமிக்ஞைகளுக்குப் பரவலாக உள்ள என்இசி (NEC) என்னும் குறியீட்டு முறையில், 9 மில்லி நொடி நீளும் தொடக்கத் துடிப்புக்குப் பிறகு, கருவியின் முகவரியும் கட்டளையும் ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0 என) செல்கின்றன. முகவரி வேறாக இருப்பதால், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும்போது செட்டாப் பாக்ஸ் அசைவதில்லை. இந்த வேலையில் ரிமோட் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஏசிக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். ஏசி ரிமோட் ஒவ்வோர் அழுத்தத்திலும் வெப்பநிலை, விசிறி வேகம் என முழு அமைப்பையும் சேர்த்தே அனுப்புகிறது. ஆகவே வெப்பநிலையைக் கூட்டும் பட்டனைக் கற்பித்தால், அந்த வேளையில் பதிவான 25 டிகிரியையே எத்தனை முறை அழுத்தினாலும் திரும்பத் திரும்பச் சொல்லும். புளூடூத்தில் இயங்கும் குரல் ரிமோட்டுக்கும் இது மாற்றாகாது.

உண்மையான குறை பேட்டரி அறையில் இருக்கிறது. ஸ்பிரிங்குகளின் பூச்சு மிக மெல்லியது. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அதில் துரு ஏறி, பட்டனை அழுத்தினாலும் பலனில்லாமல் போகிறது. அப்போது கைப்பேசியின் முன்கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்திப் பார்க்கலாம்: திரையில் ஊதா நிறப் புள்ளி மினுங்கினால் ரிமோட் ஒளியை அனுப்புகிறது, மங்கினாலோ தெரியாவிட்டாலோ முதலில் பேட்டரியையும் ஸ்பிரிங்கையும் கவனிக்க வேண்டும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் எங்களுடையது மீண்டது, ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு இன்னும் குறையும் என்பதால் இதை நிலையான தீர்வாகக் கொள்ள முடியாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் கடையிலேயே மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பார்த்து வாங்குவது நல்லது. பழைய ரிமோட் உயிரோடு இருக்கும்போதே கற்பித்து முடித்துவிட வேண்டும். அது செத்தபின் இந்த ரிமோட்டுக்குப் பாடம் சொல்ல ஆளில்லை.