பாவித்த அலுவலகத் தளபாடக் கடை: எதை வாங்கலாம், எதை விடலாம்

எங்கள் சிறிய கணக்காய்வு அலுவலகத்தின் இரண்டு அறைகளையும் குறைந்த செலவில் ஒழுங்குபடுத்துவதற்காக, யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் பாவித்த தளபாடக் கடையொன்றை நாடினோம். கொழும்பில் இடம் மாறும் அலுவலகங்களிலிருந்து மொத்தமாக எடுத்து வருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். விலை, புதியதில் ஏறத்தாழப் பாதி. ஆனால் அந்தப் பாதி விலை எல்லாப் பொருளிலும் இலாபமாகிவிடாது.

தயங்காமல் வாங்கக்கூடியவை இரும்பு அலுமாரிகள். நான்கு லாச்சிகள் கொண்ட கோப்பு அலுமாரியொன்றில், கீழ் லாச்சியை முழுவதும் வெளியே இழுத்து, பாரமான கோப்புகளை நிரப்பித் தள்ளிப் பார்த்தேன். எங்கும் சிக்காமல் உள்ளே போயிற்று. முகப்பில் ‘வவுச்சர் 2014’ என்று எழுதிய கடதாசித் துண்டு இன்னமும் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் போய்விட்டது. திறப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசைகளில் நிதானம் வேண்டும். பெரும்பாலானவை மெலமைன் ஒட்டிய சிப்போட் பலகையால் ஆனவை. மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் அப்பலகையில், ஓரப்பட்டி ஒருமுறை பிரிந்துவிட்டால் ஈரம் ஏறி உப்பிவிடும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே மேற்பரப்பின் பளபளப்பை நம்பாமல், நிலம் கழுவும்போது நீர் படுகின்ற அடிப்பகுதியைக் குனிந்து விரலால் தடவிப் பார்க்கவேண்டும். நாங்கள் பார்த்தவற்றுள் தேறியவை மிகச் சிலவே என்பதால், இரும்புச் சட்டங்களை மட்டும் இங்கே வாங்கி, கொக்குவிலில் ஒரு தச்சரைக் கொண்டு வேப்பம் பலகையில் மேல்தட்டுகள் செய்வித்து, உயரம் 74 சென்ரிமீற்றரில் நிற்குமாறு பொருத்தினோம். மொத்தச் செலவு புதிய சிப்போட் மேசையின் விலையை எட்டவில்லை.

சுழல்கதிரைகளை இங்கே வாங்கவேண்டாம். இருந்து பார்க்கும்போது நன்றாகவே இருக்கும். ஆனால் உயரத்தைத் தாங்கும் வாயு உருளை தேய்ந்திருந்தால், சிறிது நேரத்தில் ஆள் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருப்பார். நாள் முழுவதும் இருந்து வேலை செய்பவர்களுக்கு, மற்றவற்றில் மிச்சம் பிடித்தாவது புதிய கதிரை எடுப்பதே முறை.

அலங்காரத்துக்கு அதிகம் செலவிடவில்லை. சுவருக்கு இளமஞ்சள் கலந்த வெள்ளை. நீலம் பாரித்த 6500 கெல்வின் விளக்குகளுக்குப் பதிலாக 4000 கெல்வின் எல்ஈடி. குப்பைக்கூடையையும் பேனைக்கூட்டையும் 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்தில், பனையோலையில் வாங்கினோம். வருபவர்கள் எங்கே வாங்கியது என்று விசாரிப்பது அவற்றைப் பற்றித்தான். வேப்பம் பலகையை ஒருவரும் கவனிப்பதில்லை.

கடையின் சேவை சுமார். பட்டா எனப்படும் சிறிய லொறியில் கொண்டுவந்து தருவது இலவசம் என்றவர்கள், மேல்மாடிக்கு ஏற்றுவதற்குத் தனியாகக் கூலி கேட்டார்கள்; அதைப் பேசி முடித்த பின்பே முற்பணம் கொடுங்கள். பற்றுச்சீட்டையும் கேட்டால்தான் எழுதுகிறார்கள், அதுவும் கணக்காய்வு அலுவலகத்துக்கு.