காலை எடுக்காமல் கியர் மாற்றுவதும் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்சும்

ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் என் அக்கா மகன் கேட்ட கேள்விக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். டர்பனில் என் காருக்கு மென்பொருள் மாற்றிக் கொடுத்த கடை, ஜோஹன்னஸ்பர்க்கிலும் கிளை வைத்திருக்கிறது. 'ஃப்ளாட் ஷிஃப்ட்' வசதிக்கான கட்டணத்தை இந்த மாதம் பாதியாகக் குறைத்திருக்கிறது. "மாமா, நீங்கள் போட்டு நாளாகிவிட்டதே, நானும் போட்டுக்கொள்ளட்டுமா?" என்கிறான். கிளட்ச் மாற்றிய பில் இன்னும் மேசை மேல் கிடக்கும் இந்த வாரத்தில், என் வாயிலிருந்து உடனே வரும் பதில் நியாயமானதாக இருக்காது.

காரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1.6 லிட்டர் டர்போ, முன்சக்கர இயக்கம், ஆறு கியர், மூன்று பெடல். இந்த வகைக் காரை வைத்திருப்பவர்களுக்கு மற்றவை தெரியும். ஃப்ளாட் ஷிஃப்ட் என்றால் என்ன என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. கீழ் கியருக்கு இறங்கும்போது எஞ்சின் தானாகவே உறுமி வேகத்தைப் பொருத்திக்கொள்வதையும் இதையும் என் மருமகன் உட்படப் பலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். அது வேறு, நிஸான் நிறுவனம் 2009ஆம் ஆண்டின் 370இஸட் காரில் கொண்டுவந்தது அதைத்தான். இது மேல் கியருக்கு ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தியபடியே கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, கிளட்சை விடுவது. 2008இல் செவ்ரோலே கோபால்ட் எஸ்எஸ் டர்போவில் இதைத் தொழிற்சாலையே வைத்துக் கொடுத்தது. என் காரில் தொழிற்சாலை கொடுக்கவில்லை, கடை கொடுத்தது.

வழக்கமான முறையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியர் மாற்றும்போது எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் மூடிக்கொள்கிறது, புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ அடைத்து வைத்திருந்த காற்றழுத்தம் வால்வு வழியே வெளியேறிவிடுகிறது, மீண்டும் மிதித்தபின் டர்போவின் டர்பைன் சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு ஒரு நொடிகூட இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு கியரிலும் வருகிறது. ஃப்ளாட் ஷிஃப்டில் த்ராட்டில் திறந்தே இருக்கிறது. முழு ஆக்சிலரேட்டர் மிதித்திருக்கும்போது கிளட்ச் பெடல் நகர்ந்தால், எஞ்சின் கணினி பெட்ரோலையோ தீப்பொறியையோ நறுக்கி, சுழற்சியைத் தற்காலிகமாக ஓர் எல்லைக்குள் பிடித்து வைக்கிறது. பெடல் மேலே வந்ததும் விட்டுவிடுகிறது. இடையில் டர்போவின் அழுத்தம் பெருமளவு அப்படியே நிற்கிறது.

தென்னாப்பிரிக்க இளைஞர்களுக்கு இதில் பிடித்தது அழுத்தமோ நேரமோ இல்லை, சத்தம்தான். கோல்ஃப் ஜிடிஐயின் தானியங்கிக் கியர்பாக்ஸ் மாறும்போது வரும் அந்த 'வ்ர்ர்-ஃபா' சத்தத்தை மூன்று பெடல் காரிலும் எழுப்ப வேண்டும் என்பதற்காகவே பலர் பணம் கட்டுகிறார்கள். எனக்கும் முதலில் அந்தச் சத்தத்தோடுதான் கொடுத்தார்கள். தீப்பொறியை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே வெடிக்கிறது. கேட்க அமர்க்களமாக இருந்தாலும் அந்தச் சூட்டை டர்பைனும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் தாங்கியாக வேண்டும். பெட்ரோலை நறுக்கும் முறைக்கு மாற்றித் தரச் சொன்னேன். முகம் சுளிக்காமல், கூடுதல் கட்டணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கடையைப் பற்றிப் பின்னால் கடுமையாக எழுதப் போகிறேன் என்பதால் இதை முன்னால் சொல்லிவிடுகிறேன்.

இனி, நான் எதிர்பார்க்காமல் கிடைத்த இன்பம். என் காரில் முதல் நான்கு கியர்களின் விகிதங்கள் 3.62, 1.95, 1.37, 1.03. நிமிடத்துக்கு 6500 சுற்றில் கியர் மாற்றுகிறேன் என்று வைத்துக்கொண்டால், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது எஞ்சின் ஏறக்குறைய 3500 சுற்றுக்கு இறங்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 4570. மூன்றிலிருந்து நான்குக்கு 4890. கடைக்காரர்கள் எல்லாக் கியருக்கும் பொதுவாக வைத்த எல்லையோ 5000. ஆகவே ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால், தேவைக்கு மேல் 1500 சுற்று வேகத்தில் இருக்கும் எஞ்சினை கிளட்ச் தட்டு இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. முதுகில் யாரோ ஓங்கி அறைந்ததைப் போலக் கார் துள்ளுகிறது, முன்சக்கரங்கள் கீச்சிடுகின்றன, உடன் இருப்பவர் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். இரண்டிலிருந்து மூன்றுக்குச் சிறு தள்ளல் மட்டும். மூன்றிலிருந்து நான்கு மாற்றும்போது எல்லையும் தேவையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், கியர் மாறியதே உடம்புக்குத் தெரியவில்லை. எஞ்சினின் குரல் மட்டும் ஒரு படி இறங்குகிறது, இழுவை அறுபடாமல் தொடர்கிறது. கையால் மாற்றிய கியர் இப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. இரண்டாம் கியரில் 6500 சுற்று என்பது மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டர். மூன்றாம் கியரில் 136. நம் நெடுஞ்சாலைகளில் வேக எல்லை 120. ஆக, இந்த வசதியின் மிகச் சிறந்த கணம் சாலைச் சட்டத்துக்கு அப்பால்தான் நிகழ்கிறது. போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸி ரேஸ்வே பந்தயத் தடத்தில் ஓட்டக் கிடைத்தபோதுதான் அதை மனசாட்சி உறுத்தாமல் அனுபவிக்க முடிந்தது. சாலையில் சட்டப்படி கிடைப்பது முரட்டுத்தனமான முதல் மாற்றமும் சுமாரான இரண்டாவது மாற்றமும்தான்.

ஆனால் அந்தச் சுமாரான மாற்றத்துக்கு உண்மையான பயன் உண்டு. கேட்டோ ரிட்ஜில், டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தை டர்பன்காரர்கள் அறிவார்கள். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடது தடத்தை அடைத்துக்கொண்டு போகும். அவற்றுக்கு அடுத்த தடத்தில் கார்கள் 120இல் பறக்கும். இரண்டு லாரிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் நுழைந்து, உடனே அவற்றை விட்டு விலகவும் வேண்டும். இரண்டாம் கியரில் ஏறி, காலை எடுக்காமல் மூன்றுக்கு மாற்றினால், இழுவை விட்டுப்போகாமல் கார் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் மனைவிக்கு எஞ்சின் பேச்சு எதுவும் பிடிக்காது. அவளே "முன்பு போல இங்கே தயங்குவதில்லையே" என்றாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைத்ததில்லை.

அதே கேட்டோ ரிட்ஜில்தான் எரிச்சலும் தொடங்கியது. மூன்றாம் கியர் விழுந்து, கிளட்சிலிருந்து கால் முழுவதும் எடுத்தாயிற்று. எஞ்சின் 5000 சுற்றைத் தொட்டதும் சுவரில் முட்டியது போலத் திணறியது. ஆக்சிலரேட்டர் தரையில் இருக்கிறது, சுழற்சிமானியின் முள் 5000இல் நடுங்குகிறது, பின்னால் லாரியின் முன்விளக்குகள் கண்ணாடியை நிறைக்கின்றன. காலைச் சற்றே தூக்கி மறுபடி மிதித்தால் எதுவுமே நடக்காதது போல இழுக்கிறது. எப்போதும் வருவதில்லை, வெயில் காலத்தில் நீண்ட பயணத்தின் முடிவில் அதிகம் வரும், கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் வரவே வராது.

கடையில் "கிளட்ச் வழுக்குகிறது" என்றார்கள். கிளட்ச் வழுக்கினால் முள் மேலே ஓடும், கார் பின்தங்கும். இங்கே முள் ஓரிடத்தில் ஆணியடித்தாற்போல நிற்கிறது என்று சொன்னேன். ஃப்ளாட் ஷிஃப்ட் பயன்படுத்துபவர்களுக்குக் கிளட்ச் சீக்கிரம் போகும், அது இயல்பு என்று பதில் வந்தது. காரை ஒரே வேகத்தில் தானாக ஓடவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலும் சில நேரம் பிடிக்க மறுக்கிறது என்பதையும் சொன்னேன்; அது தனிக் கோளாறு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். கிளட்ச் தட்டு, மூடி, பேரிங், இரட்டை நிறை ஃப்ளைவீல் எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ராண்டைத் தாண்டியது. கழற்றிய தட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ரிவெட் தலைகளுக்கு மேல் இன்னும் நல்ல கனம் இருந்தது, அதாவது தட்டு தேய்ந்துபோயிருக்கவில்லை. "எப்படியும் மாற்ற வேண்டியதுதானே" என்று மேலாளர் சிரித்தபோது எனக்கு வந்த கோபத்தை இந்த இடத்தில் எழுத்தாக்க விரும்பவில்லை. அடுத்த வாரமே கேட்டோ ரிட்ஜில் முள் மறுபடி 5000இல் நின்றது.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் அண்ணன் ஒருவர் க்ரூஸ் கண்ட்ரோல் விஷயத்தைக் கேட்ட உடனே ஸ்கேனரைச் செருகினார். கிளட்ச் பெடலின் நிலையைத் திரையில் வைத்துக்கொண்டு, கையால் பெடலை அழுத்தி அழுத்தி விட்டார். பெடல் முழுவதும் மேலே வந்த பிறகும் சில முறை திரை 'அழுத்தப்பட்டுள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. பெடல் தண்டுக்கு மேலே விரல் நுனி அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று இருக்கிறது. பெடல் ஓய்வில் இருக்கும்போது தண்டு அதை அழுத்தி வைத்திருக்கும், பெடல் இறங்கியதும் அது வெளியே நீளும். பெடல் திரும்பி வரும்போது பொத்தான் கூட்டுக்குள் சரியாக ஒடுங்காமல் சிக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் கணினியைப் பொறுத்தவரை நான் இன்னும் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே 5000 என்ற எல்லை விலகவில்லை. கிளட்சைத் தொட்டதும் க்ரூஸ் விடுபட வேண்டும் என்பதைச் சொல்வதும் அதே சுவிட்ச்தான். புதியதின் விலை அறுநூறு ராண்டுக்குள். மாற்றக் கால் மணி நேரம் ஆயிற்று. பாதி நேரம் அண்ணன் தலையைக் கீழே விட்டுக் காலை மேலே நீட்டி இருக்கையில் படுத்திருந்தார். அதற்குப் பிறகு முள் நிற்கவில்லை.

காலை எடுக்காமல் கியர் மாற்றினால் கியர்பாக்ஸில் பற்சக்கரங்களின் வேகத்தைப் பொருத்திவிடும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். கிளட்ச் முழுவதும் இறங்கியிருக்கும்போது எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடினாலும் சிங்க்ரோவுக்கு அது தெரியாது. கிளட்ச் தட்டும் உள்தண்டும் சேர்ந்த சுழற்சியை மட்டுமே அது அடக்குகிறது. அவசரப்பட்டு லீவரைக் குத்தித் தள்ளுவதுதான் சிங்க்ரோவைக் கொல்லும். அதற்கு மென்பொருள் தேவையில்லை. அடி விழுவது கிளட்ச் தட்டிலும் ஃப்ளைவீல் ஸ்பிரிங்குகளிலும் எஞ்சின் மவுண்டிலும். குறிப்பாக, அந்தப் பொது 5000 எல்லையோடு முதல் கியரிலிருந்து மாற்றும்போது. கடை "இயல்பு" என்று சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

மருமகனுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது; ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 1750 மீட்டர் உயரத்தில். அங்கே காற்று மெலிந்திருப்பதால் அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், இழந்தால் திரும்பப் பிடிக்கவும் அதிக நேரம் எடுக்கும். ஆகவே அழுத்தத்தை இழக்காமல் கியர் மாற்றுவதால் வரும் ஆதாயம் எனக்கு வந்ததைவிட அவனுக்கு அதிகம். பொறியியல் நியாயப்படி பார்த்தால் வாங்க வேண்டியவன் அவன்தான்.

இருந்தாலும் என் பதில் வேண்டாம் என்பதே. பாதி விலைக்குக் கொடுப்பது அந்தப் பொது எல்லை கொண்ட, வெடிச்சத்தம் நிறைந்த பழைய வடிவத்தை. வாரண்டி இன்னும் முடியாத காரில் அதை ஏற்றிவிட்டு, ஒரு பொத்தான் சிக்கினால் கிளட்சையே கழற்றச் சொல்லும் ஆட்களிடம் சாவியைக் கொடுப்பதற்கு அக்காவிடம் நான் பதில் சொல்ல முடியாது. அப்படியும் கேட்க மாட்டேன் என்றால், பெடல் ஓய்வில் இருக்கும்போது அழுந்தும் மேல் சுவிட்சை நம்பியா, முழுவதும் மிதித்தால் அழுந்தும் கீழ் சுவிட்சை நம்பியா ஃப்ளாட் ஷிஃப்ட் வேலை செய்கிறது என்று முதலில் கேட்கட்டும். எந்தச் சுவிட்ச் என்று சொல்லத் தெரியாதவரிடம் காரை விட வேண்டாம்.

என் காரில் இருப்பதை எடுத்துவிடுவீர்களா என்றும் கேட்டிருக்கிறான். இல்லை. ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி எல்லை எழுதித் தர முடியும் என்று வேறொரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். முதல் மாற்றத்துக்கு 3600, இரண்டாவதற்கு 4600 என்று குறித்துக் கொடுத்து, சனிக்கிழமை காலைக்கு முன்பணமும் கட்டியாயிற்று.