ஈ மேஜர் பாட்டு, ஈ-ஃப்ளாட் சாக்ஸபோன்: மியூஸ்ஸ்கோரா, லில்லிபாண்டா?

டிசம்பர் வந்தால் காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை சர்ச் குவயர்களில் கேரல் பயிற்சிதான். கிட்டார் வாசிப்பவருக்கு ஈ மேஜர் கைக்கு வசதி, அதையே பிடிப்பார். அவஸ்தை ஊதுகிறவர்களுக்கு: டிரம்பெட், சாக்ஸபோன் தாளில் எழுதும் ஸ்வரம் வேறு, காதில் கேட்பது வேறு, அதனால் அவர்கள் பார்ட்டை (கருவிக்கான தனித் தாளை) வேறு கீயில் மாற்றி எழுத வேண்டும். அதற்கு இசைத்தாள் எழுதும் மென்பொருள்களான மியூஸ்ஸ்கோர், லில்லிபாண்ட் இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

ஈ மேஜரில் நான்கு ஷார்ப் (ஷார்ப் அரை ஸ்வரம் ஏற்றும் குறி, ஃப்ளாட் அரை ஸ்வரம் இறக்கும் குறி). பி-ஃப்ளாட் டிரம்பெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுதினால் எஃப்-ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். ஈ-ஃப்ளாட் கருவியான ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு மேஜர் சிக்ஸ்த் (ஒன்பது அரை ஸ்வரம்) ஏற்றினால் சி-ஷார்ப் மேஜர், ஏழு ஷார்ப். பாட்டின் நடுவில் பி-க்கு ஏறும் முன் ஓர் ஏ-ஷார்ப் வருகிறது என்று வையுங்கள். சாக்ஸ் தாளில் அது எஃப் டபுள்-ஷார்ப் (இரண்டு அரை ஸ்வரம் ஏற்றியது) ஆகிவிடும். இலக்கணப்படி சரிதான், ஆனால் பயிற்சியில் ஆள் அங்கே கட்டாயம் தடுக்குவார். அதே பார்ட்டை, ஒலி மாறாமல், டி-ஃப்ளாட் மேஜரில் எழுதினால் ஐந்தே ஃப்ளாட், அந்த ஸ்வரமும் வெறும் ஜி நேச்சுரல் (ஷார்ப்போ ஃப்ளாட்டோ இல்லாதது).

இந்த மாற்றத்தை யார் செய்வது என்பதில்தான் இரண்டு மென்பொருளும் பிரிகின்றன.

மியூஸ்ஸ்கோரில் அதுவே செய்துவிடும். ஸ்டாஃப் பண்புகளில் ஷார்ப்பா ஃப்ளாட்டா என்ற தேர்வை ஆட்டோவில் விட்டால், குறி குறைவான கீ சிக்னேச்சரை (வரித் தொடக்கத்தில் வரும் ஷார்ப்/ஃப்ளாட் தொகுப்பை) எடுத்துக்கொண்டு ஸ்வரங்களையும் அதற்கேற்ப எழுதும். ஒரே ஒரு ஸ்வரம் உறுத்தினால் அதைத் தேர்ந்து கன்ட்ரோலோடு ஜே. கன்ட்ரோல் இல்லாமல் ஜே தட்டினால் கான்சர்ட் பிட்ச் எழுத்தும் (காதில் கேட்கும்படியே எழுதும் வடிவமும்) சேர்ந்து மாறும், கவனம். ஸ்வரங்களின் பெயரை மாற்றி எழுதும் ‘ரீஸ்பெல் பிட்சஸ்’ கட்டளையை மட்டும் முழு ஸ்கோர் மேல் ஏவிவிடாதீர்கள். அது ஊகம்தான் செய்யும், நீங்கள் யோசித்து எழுதிய குரோமாட்டிக் (அரை அரை ஸ்வரமாக நகரும்) நடைகளும் கலைந்துபோகும்.

லில்லிபாண்டில் கட்டளைகளை எழுத்தாகத் தர வேண்டும், அது சொன்னதை மட்டும் செய்யும். ஈ-ஃப்ளாட்டை சி ஆக்கு என்றால் டபுள்-ஷார்ப் அப்படியே வந்து நிற்கும். டி-ஷார்ப்பை சி ஆக்கு என்று எழுதுங்கள், அடுத்த முறை ஓட்டும்போது முழு பார்ட்டும் டி-ஃப்ளாட்டுக்கு வந்துவிடும். ஈ-ஃப்ளாட்டும் டி-ஷார்ப்பும் கீபோர்டில் ஒரே கட்டை, தாளில் வேறு வேறு. மென்பொருள் எதையும் தன்னிஷ்டத்துக்கு மாற்றாது என்பது எனக்குப் பிடித்த குணம். ஆனால் நாளை காலை ஆராதனைக்கு இன்றிரவு பார்ட் வேண்டும் என்றால் இந்தக் குணம் சோறு போடாது. ‘டிரான்ஸ்பொசிஷன்’ என்ற கட்டளையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், அது மிடி (கணினி வாசித்துக் காட்டும்) ஒலிக்கும், மற்றொரு பார்ட்டிலிருந்து எடுத்துக் காட்டும் க்யூ ஸ்வரங்களுக்கும்தான், அச்சிடும் பார்ட்டை நகர்த்தாது.

சிபெலியஸ் என்ற மென்பொருளிலும் மியூஸ்ஸ்கோர் மாதிரி ஒரு வசதி உண்டு, அதன் முழு வடிவத்துக்குக் காசு கட்ட வேண்டும்.

சாக்ஸ் விஷயத்தில் ஏழா ஐந்தா என்று எண்ணினாலே போதும். டிரம்பெட்டில் எண்ணிக்கை கைகொடுக்காது: எஃப்-ஷார்ப்பில் ஆறு ஷார்ப், ஜி-ஃப்ளாட்டில் ஆறு ஃப்ளாட். இங்கே ஆட்டோவை நம்ப மாட்டேன், ஃப்ளாட் என்று நானே போடுவேன். நம்ம பேண்டு ஆட்கள் ஃப்ளாட்டிலேயே ஊதிப் பழகியவர்கள். அந்த ஏ-ஷார்ப்பும் பி-ஷார்ப்பாகப் பயமுறுத்தாமல் சி நேச்சுரலாக வரும்.

குவயருக்கு மியூஸ்ஸ்கோர்தான், இலவசம் வேறு. ஒரே பாட்டுப் புத்தகத்தை வருஷக்கணக்கில் பல கருவிகளுக்கு அச்சிடுகிறவர்கள் லில்லிபாண்டுக்குப் போகலாம். ஃபைனேல் என்ற இன்னொரு இசைத்தாள் மென்பொருளில் எழுதிக் குவித்தவர்கள் எதையாவது சீக்கிரம் தேர்ந்தெடுங்கள். 2024 ஆகஸ்டிலேயே அதன் வளர்ச்சி நின்றதாக அறிவித்துவிட்டார்கள். கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல்லாக (மென்பொருள்களுக்கிடையே மாற்றிக்கொள்ளும் பொது வடிவமாக) எடுத்து, திறந்ததும் முதலில் சாக்ஸ் பார்ட்டைப் பாருங்கள்.